பலர் எழுதும் ஆவணத்துக்கு ஒரே நடை: ஆர்எஃப்சி வரிசை பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

பெரிய கோப்பு ஒன்றை ஒரு தளத்தில் ஏற்றப் போய், சர்வர் 413 என்று மறுப்பதைப் பலரும் பார்த்திருப்போம். எண் என்றும் 413தான். கூட வரும் சொற்கள்தான் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. இணையம் இயங்கும் முறைகளை விவரிக்கும் எண்ணிட்ட ஆவணங்களின் வரிசைக்கு ஆர்எஃப்சி (‘ரிக்வெஸ்ட் ஃபார் கமென்ட்ஸ்’) என்று பெயர். பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் எச்டிடிபி நெறிமுறை பற்றி 1999-இல் வெளியான ஆர்எஃப்சி 2616-இல் 413-இன் பெயர் ‘ரிக்வெஸ்ட் என்டிட்டி டூ லார்ஜ்’. 2014-இல் ஆர்எஃப்சி 7231 வந்தபோது ‘பேலோட் டூ லார்ஜ்’ ஆனது. 2022-இல் வந்த ஆர்எஃப்சி 9110-இல் ‘கன்டென்ட் டூ லார்ஜ்’. எண்ணையும் அது உணர்த்தும் மறுப்பையும் யாரும் தொடவில்லை. ஆவணத்தின் மொழியைத்தான் திருத்தியிருக்கிறார்கள்.

‘என்டிட்டி’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு, அனுப்பப்படும் பைட்டுகளையும் அவை எதன் வடிவம் என்பதையும் பிரித்துப் பேசுவது சிரமமாக இருந்தது. அதனால் 2014 தொகுப்பு அதைக் கைவிட்டு ‘ரெப்ரசென்டேஷன்’, ‘பேலோட்’ என்று இரண்டு சொற்களை எடுத்துக்கொண்டது. பிறகு அந்த நெறிமுறையின் புதிய பதிப்புகளாக எச்டிடிபி 2 வந்தது, எச்டிடிபி 3 வந்தது. அவற்றில் தரவு ஃபிரேம் என்ற சிறு துண்டுகளாகப் போகிறது, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் தனியாக ஒரு பேலோட் உண்டு. ஒரே சொல் இரண்டு பொருளில் ஓடத் தொடங்கியதும், 2022-இல் அதையும் மாற்றி ‘கன்டென்ட்’ என்றார்கள். தங்கள் சொற்களை இத்தனை கவனமாகப் பார்த்துக்கொள்ளும் தொழில்நுட்ப ஆவணங்கள் அதிகம் இல்லை. ஆர்எஃப்சி வரிசையை எடுத்துக்கொண்டதற்கு அதுதான் காரணம்.

வரிசையின் அளவைப் பாருங்கள். முதல் ஆர்எஃப்சி 1969 ஏப்ரல் 7 தேதியிட்டது. எழுதியவர் அப்போது கலிபோர்னியாவின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த ஸ்டீவ் கிராக்கர். இன்று எண்கள் 9,000-ஐத் தாண்டிவிட்டன. எழுதுபவர்கள் வெவ்வேறு நாட்டவர்கள். ஒருவருக்கொருவர் போட்டியாக இருக்கும் கம்பெனிகளில் வேலை செய்பவர்கள், பல்கலைக்கழகத்தில் இருப்பவர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் எல்லாரும் இதில் உண்டு. இவர்கள் எல்லாருக்கும் பொதுவான மேலதிகாரி என்று ஒருவர் கிடையாது. அப்படியிருந்தும் ஒரு ஆர்எஃப்சியைப் படிக்கக் கற்றுக்கொண்டவர் அடுத்ததை எடுத்தால், எந்தத் தகவல் எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

தொடக்கத்தில் நடை என்று ஒன்று இல்லை

மூன்றாவது ஆர்எஃப்சியே ஆவணம் எழுதும் முறை பற்றியதுதான். அதுவும் கிராக்கர் 1969 ஏப்ரலில் எழுதியது. இன்றைய நடைக் கையேடுகளோடு பழகியவர்களுக்கு அது ஆச்சரியமாக இருக்கும். மெருகேற்றுவதைவிடச் சீக்கிரம் எழுதி அனுப்புவது முக்கியம், விடை சொல்லாத கேள்வியை மட்டும் எழுதினாலும் சரி, குறைந்தபட்ச நீளம் ஒரு வாக்கியம் என்கிறது அது. காரணத்தையும் சொல்கிறது: எழுத்தில் வந்துவிட்டாலே அதை இறுதி முடிவாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் மனிதர்களுக்கு உண்டு, அதனால் வரும் தயக்கத்தை உடைக்க வேண்டும். கட்டாயம் என்று அது கேட்டது தலைப்பில் இருக்க வேண்டிய சில விவரங்களை மட்டும்: குழுவின் பெயர், எண், எழுதியவர், எங்கிருந்து எழுதுகிறார், தேதி, தலைப்பு.

இது சரியான தொடக்கம் என்றே நினைக்கிறேன். எழுத ஆளே இல்லாத கட்டத்தில் காற்புள்ளி பற்றிய விதியை நீட்டினால், வருகிற ஒன்றிரண்டு பேரும் ஒதுங்கிவிடுவார்கள். புதிதாக டாக்குமென்டேஷன் தொடங்கும் குழுக்கள் பலவற்றில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது. முதல் வாரத்திலேயே நாற்பது பக்கக் கையேடு தயாராகிவிடும், அதன்படி எழுதப்பட்ட பக்கம் ஒன்றுகூட இருக்காது.

விதிகள் பின்னால் வந்தன, அதுவும் ஒவ்வொன்றாக. ஜான் போஸ்டல் ஆர்எஃப்சி எடிட்டராக இருந்த காலத்தில், அவரும் ஜாய்ஸ் ரெனால்ட்ஸும் எழுதுபவர்களுக்கான குறிப்புகளைத் திரும்பத் திரும்ப விரித்து வெளியிட்டார்கள். 1997 அக்டோபரில் வந்த ஆர்எஃப்சி 2223 அவற்றில் கடைசி. ஒரு வரியில் 72 எழுத்துக்கு மேல் கூடாது, ஒரு பக்கத்தில் 58 வரி, வலது ஓரத்தை நேராக்குவதற்காக இடைவெளி சேர்க்காதே, சொல்லை உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளாதே, அடிக்குறிப்பு வேண்டாம். எந்த ஊர் டெர்மினலிலும், எந்தப் பிரின்டரிலும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதே இவற்றின் நோக்கம். 1998 அக்டோபர் 16 அன்று போஸ்டல் இறக்கும்வரை அந்தப் பேனா பெரும்பாலும் அவர் கையில்தான் இருந்தது. ஒரே மனிதரின் காது பல வருடங்கள் கேட்டுக்கொண்டிருந்ததால் அமைந்த ஒருமை அது. கையேட்டில் எழுதாத பலவற்றை அவர் திருத்தங்களைப் பார்த்தே மற்றவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

மஸ்ட், ஷுட், மே

இந்த வரிசை உலகத்துக்குக் கொடுத்த மிகப் பெரிய நடை விதி, மூன்று சிறிய ஆங்கிலச் சொற்களைப் பற்றியது.

பல கம்பெனிகள் தனித்தனியாக ஒரே நெறிமுறையை நிரலாக எழுதும்போது, ஆவணத்தில் வரும் ஒரு வாக்கியம் கட்டளையா, ஆலோசனையா, சும்மா தகவலா என்று தெரிய வேண்டும். ஒருவர் கட்டளையாக எடுத்து, மற்றவர் ஆலோசனையாக எடுத்தால், இருவர் எழுதிய மென்பொருளும் ஒன்றோடொன்று பேசாது. 1989 அக்டோபரில் ராபர்ட் பிரேடன் தொகுத்த ஆர்எஃப்சி 1122 இதை ஒழுங்குபடுத்தியது: பெரிய எழுத்தில் மஸ்ட் என்றால் கட்டாயம், ஷுட் என்றால் நல்ல காரணம் இருந்தால் மட்டும் விலகலாம், மே என்றால் உங்கள் விருப்பம். எந்தத் தேவை எந்த வகை என்று அட்டவணையும் போட்டுக் கொடுத்தது.

ஆனால் அடுத்தடுத்த ஆவணங்கள் தங்கள் தங்கள் விளக்கத்தை எழுதிக்கொண்டன. ஆளுக்கொரு விதமாக அது மாறத் தொடங்கியது. 1997 மார்ச்சில் ஹார்வர்டைச் சேர்ந்த ஸ்காட் பிராட்னர் ஆர்எஃப்சி 2119-ஐ எழுதினார். மொத்தமே மூன்று பக்கம்தான். பதினொரு சொல்லுக்கும் தொடருக்கும் விளக்கம் கொடுத்துவிட்டு, இந்த ஒரு பத்தியை அப்படியே உங்கள் ஆவணத்தின் தொடக்கத்தில் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். கூட்டாக எழுதும் இடத்தில் இதைவிட நல்ல உத்தி எனக்குத் தெரியவில்லை. விதியைப் படித்து நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லாமல், நகலெடுத்து ஒட்டும் வடிவில் கொடுத்துவிட்டார். சோம்பலாக இருப்பவர்கூடச் சரியாகச் செய்துவிடுவார்.

நகலெடுப்பதில் ஒரு ஆபத்தும் உண்டு. ‘நாட் ரெகமென்டட்’ என்ற தொடருக்கு ஆவணத்தின் உள்ளே விளக்கம் இருந்தது, நகலெடுக்கச் சொன்ன பத்தியின் பட்டியலில் மட்டும் அது விடுபட்டிருந்தது. பத்தியை ஒட்டிக்கொண்ட ஆவணங்கள் எல்லாவற்றிலும் அந்த விடுபடலும் சேர்ந்தே போனது.

இன்னொரு சிக்கல் அதைவிடப் பெரிது. இந்தச் சொற்கள் பெரும்பாலும் பெரிய எழுத்தில் எழுதப்படுகின்றன என்றுதான் 2119 சொன்னது. அப்படியானால் சிறிய எழுத்தில் மஸ்ட் என்று வந்தால்? அது பேச்சுவாக்கில் வந்த சாதாரணச் சொல்லா, விதியா? சந்தேகத்துக்குப் பயந்து சிலர் சாதாரண வாக்கியத்தில்கூட அந்தச் சொற்களைத் தவிர்த்துச் சுற்றி வளைத்து எழுதினார்கள். 20 வருடம் கழித்து, 2017 மே மாதம், பேரி லீபா எழுதிய ஆர்எஃப்சி 8174 இதைத் தீர்த்தது: எல்லா எழுத்தும் பெரியதாக இருந்தால், அப்போது மட்டும்தான், சிறப்புப் பொருள். விடுபட்ட தொடரையும் பட்டியலில் சேர்த்தது. புதிய பத்தி, புதிய நகல்.

2119-இல் யாரும் அதிகம் மேற்கோள் காட்டாத ஆறாவது பகுதி ஒன்று இருக்கிறது. இந்தச் சொற்களைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள் என்கிறது அது. இரண்டு மென்பொருள் ஒன்றோடொன்று இயங்குவதற்கு உண்மையிலேயே தேவைப்படும்போதும், தீங்கு விளைவிக்கக்கூடிய செயலைத் தடுக்கும்போதும் மட்டும் போடுங்கள். உங்களுக்குப் பிடித்த வழியை மற்றவர்மீது திணிக்கப் போடாதீர்கள். கட்டாயம் என்ற சொல் பத்து வரிக்கு ஒரு முறை வரும் ஆவணத்தில், எது உண்மையான கட்டாயம் என்று படிப்பவர் தானாக முடிவு செய்யத் தொடங்கிவிடுவார். அலுவலகங்களுக்குள் எழுதப்படும் இயக்கக் கையேடுகளில் நான் அதிகம் பார்க்கும் கோளாறு இதுதான்.

ஒரு இடைவெளி எழுத்து

நடையில் ஒருமை இல்லாவிட்டால் பாதுகாப்பே எப்படி ஓட்டையாகும் என்பதற்கு எச்டிடிபியிலேயே ஓர் உதாரணம் உண்டு.

ஆர்எஃப்சி 2616 தன் இலக்கண விதிகளை எழுதத் தனக்கென்று ஒரு குறியீட்டு முறையை வைத்திருந்தது. அதில் சொல்லாமல் சொன்ன ஒரு சலுகை இருந்தது: வேறுவிதமாகக் குறிப்பிடாத இடத்தில், அடுத்தடுத்த சொற்களுக்கு நடுவிலும், சொல்லுக்கும் பிரிப்புக் குறிக்கும் நடுவிலும் இடைவெளி வரலாம். விதியைப் படிப்பவர் கண்ணுக்கு அந்த இடைவெளி தெரியாது. முன்னால் எங்கோ ஒரு பத்தியில் அதைப் படித்து நினைவில் வைத்திருக்க வேண்டும்.

கோரிக்கையோடு வரும் விவர வரியான ஹெடரின் பெயருக்கும் அடுத்து வரும் முக்காற்புள்ளிக்கும் நடுவில் ஒரு இடைவெளி வந்தால் என்ன செய்வது? ஒரு மென்பொருள் அதைச் சரி என்று ஏற்றுக்கொள்ளும். இன்னொன்று அதைத் தெரியாத ஹெடர் என்று விட்டுவிடும். நடுவில் கோரிக்கைகளை வாங்கிக் கடத்தும் ஒரு பிராக்ஸி, பின்னால் ஒரு சர்வர் என்று இரண்டும் அடுத்தடுத்து நிற்கும்போது, ஒரே கோரிக்கை எங்கே முடிகிறது என்பதை இரண்டும் வேறுவேறாகக் கணக்கிட வழி உண்டு. அந்த இடுக்கில் தாக்குபவர் நுழைவார்.

2007-இல் தொடங்கி ஏழு வருடம் உழைத்த குழு, 2014 ஜூனில் ஆர்எஃப்சி 7230 முதல் 7235 வரை ஆறு ஆவணங்களாக 2616-ஐப் பிரித்து எழுதியது. தனிக் குறியீட்டு முறையின் பெரும்பகுதியை விட்டுவிட்டு, மற்ற ஆர்எஃப்சிகளும் பயன்படுத்தும் ஏபிஎன்எஃப் என்ற பொதுக் குறியீட்டுக்கு, அதாவது ஆர்எஃப்சி 5234-க்கு மாறினார்கள். இடைவெளிச் சலுகை போனது. இனி இடைவெளி எங்கெல்லாம் வரலாமோ அங்கெல்லாம் அதை விதியிலேயே எழுத வேண்டும். வந்தாலும் வராவிட்டாலும் சரி, வந்தே ஆக வேண்டும், பழைய பழக்கத்துக்காகப் பொறுத்துக்கொள்வது என்று மூன்று வகையாகப் பெயரும் வைத்தார்கள். ஹெடர் பெயருக்கும் முக்காற்புள்ளிக்கும் நடுவே இடைவெளி கூடாது. அப்படி வந்த கோரிக்கையைச் சர்வர் 400 என்று சொல்லித் திருப்பி அனுப்பியே ஆக வேண்டும். முன்பு இதை ஆளுக்கொரு விதமாகக் கையாண்டதால் பாதுகாப்பு ஓட்டைகள் வந்தன என்று காரணமும் அங்கேயே எழுதப்பட்டிருக்கிறது.

காரணத்தை விதிக்குப் பக்கத்திலேயே எழுதியதை நான் பெரிதாக மதிக்கிறேன். ஐந்து வருடம் கழித்து வரும் ஒருவர் இது தேவையில்லாத கண்டிப்பு என்று நினைத்து அழித்துவிடாமல் காப்பது அந்த ஒரு வாக்கியம்தான்.

எதில் கண்டிப்பு, எதில் தளர்வு

இப்போது நடப்பில் உள்ள நடைக் கையேடு ஆர்எஃப்சி 7322. ஹெதர் ஃபிளானகனும் சாண்டி கினோசாவும் எழுதி 2014 செப்டம்பரில் வெளியானது. அதைப் படிக்கும்போது முதலில் கண்ணில் படுவது, அது எதையெல்லாம் எழுதுபவரிடமே விட்டிருக்கிறது என்பதுதான்.

அமெரிக்க எழுத்துக்கூட்டலா, பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலா? எதுவும் சரி, ஒரு ஆவணத்துக்குள் ஒன்றாக இருந்தால் போதும். இரண்டும் கலந்து வந்தால் மட்டும் எடிட்டர்கள் அமெரிக்க முறைக்கு மாற்றுவார்கள். ஆனால் மேற்கோள் குறி விஷயத்தில் கண்டிப்பு. ஒரு கட்டளையையோ சரத்தையோ அப்படியே மேற்கோள் காட்டினால், முற்றுப்புள்ளி குறிக்கு வெளியேதான் நிற்க வேண்டும். அமெரிக்கப் பதிப்பு வழக்கம் இதற்கு எதிரானது. ஆனாலும் இங்கே காரணம் தெளிவு: உள்ளே போட்டால், அந்தப் புள்ளியையும் சேர்த்துத் தட்டச்சு செய்ய வேண்டுமா என்று படிப்பவர் குழம்புவார். சுருக்கப்பெயர்களை முதல் முறை வரும்போது விரித்து எழுத வேண்டும், எல்லாருக்கும் தெரிந்த சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. சுருக்கவுரையில் மேற்கோள் எண் கூடாது, ஏனென்றால் அது ஆவணத்தை விட்டுத் தனியாகவும் சுற்றும்.

படிப்பவர் செய்யப்போகும் காரியத்தைப் பாதிக்கும் இடத்தில் கண்டிப்பு, பாதிக்காத இடத்தில் தளர்வு. இந்தக் கோட்டை இவர்கள் போட்டிருக்கும் இடம் எனக்குச் சரியாகவே படுகிறது.

7322 தன்னைப் பற்றியும் ஒரு விஷயம் சொல்கிறது. இந்தக் கையேட்டில் வரும் மஸ்ட், ஷுட் ஆகியவை 2119-இல் சொன்னவை அல்ல, சிறிய எழுத்தில்தான் வரும். மஸ்ட் என்றால் எடிட்டர்கள் கேட்காமலே மாற்றிவிடுவார்கள். ஷுட் என்றால் ஏன் அப்படி எழுதினீர்கள் என்று கேட்பார்கள், உங்கள் பதிலை ஏற்றுக்கொள்ளவும் கூடும். நடைக் கையேடு வைத்திருக்கும் எந்தக் குழுவும் இந்த இரண்டு அடுக்கை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். எது பேச்சுக்கு இடமில்லாதது, எது பேசித் தீர்ப்பது என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால், ரிவ்யூவில் நடக்கும் மனக்கசப்பில் பாதி குறையும்.

கடைசிக் கட்டம்

விதி எழுதினால் மட்டும் நடை ஒன்றாகாது. யாராவது உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படிக்க வேண்டும். ஆர்எஃப்சியில் அதற்கென்றே சம்பளம் வாங்கும் எடிட்டர்கள் இருக்கிறார்கள். வரைவு ஒப்புதல் பெற்றதும் அவர்களிடம் வருகிறது. அவர்கள் திருத்தி, சந்தேகங்களைக் கேள்வியாக எழுதி, எழுதியவர்களுக்கு அனுப்புகிறார்கள். இந்தக் கட்டத்துக்கு ஆத்48 என்று பெயர், 48 மணி நேரத்தில் பதில் வர வேண்டும் என்ற எண்ணத்தில் வைத்தது. நடைமுறையில் வாரக்கணக்கில் இழுப்பதும் உண்டு. முன்பக்கத்தில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் சரி என்று சொல்ல வேண்டும். அந்தப் பெயர்கள் பொதுவாக ஐந்துக்கு மேல் போகக்கூடாது என்று ஒரு வரம்பும் உண்டு. மற்றவர்களுக்குப் பங்களித்தோர் பகுதியில் இடம்.

ஒன்றையொன்று சார்ந்த ஆவணங்கள் ஒரு கொத்தாகச் சேர்ந்து காத்திருக்கும். பிரவுசருக்குள் வீடியோ அழைப்பு பேச வைக்கும் வெப்ஆர்டிசி ஆவணங்கள் அப்படித்தான் வருடக்கணக்கில் நின்று, 2021 ஜனவரியில் மொத்தமாக வெளிவந்தன. காத்திருப்பு எழுதியவர்களுக்கு வேதனைதான். ஆனால் பத்துப் பன்னிரண்டு ஆவணங்களை ஒருசேர வைத்துப் படிக்கும்போதுதான், ஒரே பொருளுக்கு ஒன்றில் ஒரு சொல்லும் இன்னொன்றில் வேறு சொல்லும் இருப்பது தென்படும்.

கருவிகளும் உண்டு. வரைவுகளை எக்ஸ்எம்எல்2ஆர்எஃப்சி என்ற வடிவில் எழுதுகிறார்கள்; தலைப்பு, எண்ணிடல், மேற்கோள் அமைப்பு எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். அதன் மூன்றாம் பதிப்பில் மஸ்ட், ஷுட் போன்ற சொற்களைக் குறிக்கத் தனி டேக் இருக்கிறது. ஐடிநிட்ஸ் என்ற சோதனைக் கருவி, நீண்ட வரி, விடுபட்ட பகுதி, விடுபட்ட 2119 பத்தி ஆகியவற்றைக் கண்டுபிடித்துச் சொல்லும். மஸ்ட் போட வேண்டிய இடத்தில் ஷுட் போட்டிருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது.

கட்டாயத் தலைப்புகளால் வந்த ஒரு பாடமும் இங்கே இருக்கிறது. எல்லா ஆர்எஃப்சியிலும் பாதுகாப்பு பற்றி ஒரு பகுதி இருந்தாக வேண்டும் என்று விதி வந்தது. நிறையப் பேர் அதன்கீழ் ஒரே வரி எழுதினார்கள்: பாதுகாப்பு விஷயங்கள் இந்த ஆவணத்தில் பேசப்படவில்லை. விதிப்படி எல்லாம் சரி, படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. 2003 ஜூலையில் ஆர்எஃப்சி 3552 வந்து, அந்தப் பகுதியில் என்னென்ன ஆபத்துகளைப் பற்றி யோசித்து எழுத வேண்டும் என்று விரிவாகச் சொல்லிக் கொடுத்தது. வார்ப்புருவில் காலியான தலைப்பை வைத்துவிட்டு, அதை எப்படி நிரப்புவது என்று சொல்லாமல் விடும் குழுக்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பழைய ஆவணங்களை என்ன செய்கிறார்கள்? ஒன்றும் செய்வதில்லை. வெளியான ஆர்எஃப்சியை யாரும் திருத்த மாட்டார்கள். பிழை கண்டால் தனியாகப் பதிவு செய்யலாம், அது சரிபார்க்கப்பட்டு ஆவணத்தோடு இணைத்துக் காட்டப்படும். மாற்ற வேண்டியது அதிகமாகிவிட்டால் புதிய எண்ணில் புதிய ஆவணம் எழுதி, பழையதை இது நீக்குகிறது என்று முன்பக்கத்திலேயே போடுகிறார்கள். அதனால் 1981-இன் நடையும் 2022-இன் நடையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. முழு வரிசையையும் இன்றைய நடைக்கு மாற்றி எழுத முயன்றிருந்தால், எந்த ஆவணத்தை நம்பி எந்த நிரல் எழுதப்பட்டது என்ற தடமே போயிருக்கும்.

போஸ்டலுக்குப் பிறகு 2009 வரை அவர் வேலை பார்த்த அதே ஆய்வு நிறுவனமான ஐஎஸ்ஐ இந்தப் பொறுப்பைக் கவனித்தது. பின்னர் எடிட்டிங் வேலையும் வரிசையின் கொள்கையைத் தீர்மானிக்கும் பொறுப்பும் பிரிந்தன. 2012 முதல் 2019 இறுதிவரை கொள்கைப் பொறுப்பில் இருந்தவர் ஹெதர் ஃபிளானகன். 2022 ஜூனில் ஆர்எஃப்சி 9280 அந்த அமைப்பை மாற்றியது. நடைக் கொள்கையை இப்போது ஒருவர் தீர்மானிப்பதில்லை. யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய ஒரு குழு விவாதித்து முன்மொழிகிறது, தனியாக ஒரு வாரியம் ஒப்புதல் தருகிறது, ஆலோசனை சொல்ல அனுபவமுள்ள எடிட்டர் ஒருவர் இருக்கிறார். ஒரு மனிதரின் காதுக்கு இது ஈடாகுமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. நடை பற்றிய கேள்விகள் வாக்கெடுப்பில் நன்றாகத் தீர்வதை நான் பார்த்ததில்லை. ஆனால் தினசரி வேலை மாறவில்லை. வரைவைத் திறந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்து, இந்த ஷுட்டை இப்படித்தான் எண்ணி எழுதினீர்களா என்று எழுதியவரைக் கேட்கும் எடிட்டர்கள் இன்றும் அந்த இடத்தில் இருக்கிறார்கள்.